கறிவேப்பிலைக் கோப்பு

பொதுமக்கள் எழுதும் கடிதம் எதுவானாலும் கிடைத்த மூன்று நாளில் ஒப்புகை அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். விதி இதுதான். புதிதாக வேலைக்குச் சேரும் இளநிலை உதவியாளர்களுக்கெல்லாம் இதை நான் மூச்சு விடாமல் ஒப்பித்திருக்கிறேன். ஒப்பித்துவிட்டு, எட்டு மாதமாகத் தூங்கும் ஒரு மனுவை இன்னும் அடியில் தள்ளிவைத்திருக்கிறேன். விதியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு அதைப் பின்பற்ற நேரம் வாய்ப்பதில்லை.

இன்று காலை இந்த விதி ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு பொட்டலம் கறிவேப்பிலை. பல்லடம் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் குளிர்சாதனக் கடையில் வாங்கியது. இலைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை. முகர்ந்து பார்த்தால் பிளாஸ்டிக் வாசனை. என் மனைவி மரகதம் ஒரு கொத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு ஓட்டைகூட இல்ல. புழுவே சீந்தாத எலைய நாம திங்கணும்," என்றாள். பிறகு, கறிவேப்பிலையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள். "பதில் வந்துட்டா?"

"இன்னும் வரலை. நிலுவையில இருக்கு," என்றேன் நானும் வழக்கம்போல.

இருபது வருடமாக நடக்கும் உரையாடல் இது. எங்களுக்குள் இது ஒரு விளையாட்டு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று மதியம் வரை.

2004இல் திருப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வாடகைக்கு இருந்தது ஒரு பெரிய வளவுக்குள். முன்னால் வீட்டுக்காரம்மாவின் வீடு, பக்கத்தில் எங்கள் வீடு, பின்னால் வரிசையாக எட்டு லைன் வீடுகள். அவற்றில் பனியன் கம்பெனிகளில் தைக்கிறவர்களும் மடிக்கிறவர்களும் குடியிருந்தார்கள். அவர்கள் ஷிப்ட் முடிந்து வந்தால் வளவு முழுக்கப் புதுத் துணியின் வாசனை அடிக்கும். தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வாசனையை ஆட்டுக்கறிக் குழம்பு அடித்துத் துரத்திவிடும். அன்று காலை பத்து மணியிலிருந்து எட்டு வீட்டிலும் மசாலா அரைபடும். சைவமாக வாழ உத்தேசிப்பவன் அந்த வளவில் வீடு பிடிக்கக் கூடாது.

ஆனால் எங்களுக்கு அந்த உத்தேசம் வீடு பிடித்த பிறகுதான் வந்தது. அந்த வருடம் மரகதத்துக்கு நெஞ்சில் வலி வந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரத்த அழுத்தம் தாறுமாறாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், இன்னொரு தடவை வந்தால் தான் பொறுப்பில்லை என்ற தோரணையில், பெரும்பாலும் சைவமாக இருங்கள் என்றார். கருவாடு மட்டும் கூடவே கூடாது, அது மீன் இல்லை, உப்பு என்றார்.

தூத்துக்குடிக்காரியிடம் கருவாடு மீன் இல்லை என்று சொல்ல டாக்டருக்குத் துணிச்சல் வேண்டும். அவள் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

அவளுக்குத் துணையாக நானும் சைவத்துக்கு மாறுவதாக அறிவித்தேன். அறிவிப்புகளில் எனக்குக் குறை இருந்ததில்லை. முதல் வாரம் ஆர்வமாகத்தான் போனது. வீட்டுக்காரம்மா கொள்ளுப் பருப்பு கடையக் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஊரில் கொள்ளு குதிரைக்குப் போடுவது. மரகதம் அதைத் தட்டில் போட்டுவிட்டு, நான் கனைக்கிறேனா என்று பார்ப்பதுபோல் எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் நெய் விட்டுப் பிசைந்து தின்றால் அது வேறு தினுசான ருசி. அரசாணிக்காய் என்று இங்கே சொல்லும் பரங்கிக்காயிலும், பச்சைப்பயறு கடைசலிலும், இடியாப்பம்போல் பிழியும் சந்தகையிலும் எனக்குப் பிடித்தவை இருந்தன. ஐம்பத்தாறு வயதில் பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கலாம் என்று கண்டுபிடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது வாரம் 'பெரும்பாலும்' என்ற சொல்லை ஆராயத் தொடங்கினேன். டாக்டர் அதற்கு விளக்கம் தரவில்லை. விளக்கம் தரப்படாத சொல்லுக்கு அதைச் செயல்படுத்தும் அதிகாரியே பொருள் கொள்ளலாம். வாரத்தில் நான்கு நாள் சைவம் என்றால் அது பெரும்பான்மை. ஆக, அலுவலகத்துக்குப் பின்னால் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் நடத்திய மீன் மெஸ்ஸில் மீதி மூன்று நாளும் என்னைப் பார்க்கலாம். மரகதம் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் கடைநிலை ஊழியர் வயிற்றுக்குள் போனது. டிபன் தூக்கில் தினமும் அரை எலுமிச்சம்பழ மூடி ஒன்று வைத்திருப்பாள். அது எதற்கென்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் விரல்களில் தேய்த்துக் கழுவ வசதியாக இருந்தது.

மரகதம் இன்னும் கேட்கும் அந்தப் பதில் ஒரு வண்ணத்துப்பூச்சியைப் பற்றியது. அதற்கு வருகிறேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மார்பளவு உயரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது. வளவுக்கே பொதுச் செடி. அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மரகதம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் செடியருகில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் இலைமேல் காக்கை எச்சம் என்று துடைக்கப் போனாளாம், எச்சம் நகர்ந்திருக்கிறது. அதுதான் புழு. நாலைந்து நாளில் தோலை உரித்துவிட்டு இலைப் பச்சையாக மாறியது. குச்சியால் தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீளும், புளித்த நார்த்தங்காய் வாசனை வரும். மாலையில் நான் வந்ததும் அன்றைய நடவடிக்கைகள் எல்லாம் எனக்கு அறிக்கையாக வரும். கருவாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியாவது அவள் பேசுகிறாளே என்று நானும் கவனமாகக் கேட்பேன்.

செடியில் இலை குறைவதை வீட்டுக்காரம்மா கவனித்துவிட்டார். பருத்திக்கு அடித்த மருந்து பாக்கி இருக்கிறது, ஒரு மூடி கலந்து அடித்துவிடலாம் என்று வந்து நின்றார்.

"இருக்கட்டுமே, நாந்தான் குழம்புக்கு இலைய வெளிய வாங்குதேனே," என்றாள் மரகதம்.

"ஏனுங்க அம்மிணி, ஊரெல்லாம் கறிவேப்பிலைய எடுத்து ஓரமா வைக்கறாங்க, நீங்க அதுக்குப் பந்தி போட்டுப் பரிமாறறீங்க. புழுவுக்குச் சோறு போடற ஊடு இந்தத் திருப்பூர்லயே உங்க ஊடு ஒண்ணுதானுங்க," என்றார் வீட்டுக்காரம்மா. ஆனால் மருந்து டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

எனக்கு அந்தப் புழுக்கள் மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த வளவில் விதிவிலக்கு கேட்காத சைவம் அவை மட்டும்தான். ஒரே செடி, ஒரே இலை, மூன்று வேளையும் அதே. பெரும்பாலும் என்ற பேச்சே கிடையாது.

மரகதம் காலி நூல் பெட்டி ஒன்றை வாங்கி, கம்பெனியில் கழித்த வலைத்துணியை அதன் வாயில் கட்டி, ஒரே கிளையிலிருந்து எடுத்த ஆறு புழுக்களை உள்ளே விட்டாள். அவை கூடாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் வண்ணத்துப்பூச்சியாக வெளியே வந்தன. அங்கேதான் சிக்கல். நான்கு பூச்சிகள் கறுப்பு, கீழ்ச் சிறகில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக. இரண்டு மட்டும் கறுப்பிலேயே சிவப்புப் பொட்டுகளும் நடுவில் வெள்ளைத் திட்டுமாக, வேறு வீட்டுப் பிள்ளைகள்போல் வந்தன.

"ஒரே செடி, ஒரே புழு, ஒரே தீனி. பொறவு ரெண்டு தினுசா ஏன் வருது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லாததால் பார்க்கலாம் என்றேன்.

அதே நாள் இரவுச் சாப்பாட்டில்தான் அவள் கீரையைத் தள்ளிவைத்தாள். தன்னால் இதற்கு மேல் முடியாது என்றாள். நாளைக்கு ஊரிலிருந்து வரும் தங்கச்சியிடம் சாளைக் கருவாடு சொல்லியிருப்பதாகவும், நெஞ்சு வலித்தால் வலிக்கட்டும் என்றும் சொன்னாள். சண்டை போடவில்லை. முடிவைத் தெரிவித்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கெஞ்சிப் பார்த்தேன், டாக்டர் சீட்டைக் காட்டினேன். கடைசியில், முப்பது வருட அனுபவத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயத்தை நம்பி ஒரு பேரம் பேசினேன். அவள் கேள்வியை முறைப்படி அரசாங்கத்துக்கு எழுதுகிறேன். பதில் வரும்வரை அவள் கருவாட்டைத் தொடக் கூடாது.

"பதில் வந்தா?"

"அன்னைக்கு நானே வாங்கியாந்து சுட்டுத் தாரேன்."

"எழுதிக் குடுங்க," என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு கோப்பு அட்டை எடுத்து, குறிப்புத் தாள் வைத்து, ஒப்பந்தத்தை முதல் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவள் வெறுமனே பெயரை எழுதினாள். தேதி இல்லாத கையெழுத்து செல்லாது என்று சொல்லித் தேதி போடவைத்தேன். கடிதத்தை வேண்டுமென்றே வேளாண்மை அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் இது பயிர் சம்பந்தப்பட்டதல்ல என்று வனத்துறைக்கு அனுப்புவார்கள், வனத்துறை இது வனத்துக்குள் நடக்கவில்லை என்று திருப்பும். எப்படிக் கணக்குப் போட்டாலும் நான் ஓய்வு பெறும்வரை அவளுடைய நெஞ்சுக்கு ஆபத்தில்லை. அனுப்பிய தேதி ஜூலை 14. பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக என் அலுவலகத்தைக் கொடுத்தேன்.

யாரிடமும் இதுவரை சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். பதில் வந்துவிட்டது. விதிப்படி, முப்பது நாளுக்குள். இருபத்தெட்டாவது நாள்.

என் சேவைக் காலத்தில் இப்படி ஓர் அநியாயத்தை நான் கண்டதில்லை. யாரோ ஓர் இளம் அதிகாரி, கையெழுத்தைப் பார்த்தால் பெண் என்று தோன்றியது, இரண்டு பக்கம் கைப்பட எழுதியிருந்தார். படம்கூட வரைந்திருந்தார். இரண்டும் ஒரே இனம்தான். வெள்ளைப் பொட்டு வரிசையோடு வருவதில் பெரும்பாலும் ஆண், சிவப்புப் பொட்டுள்ளது பெண். ஆடுதீண்டாப்பாளை என்ற நஞ்சுக் கொடியைத் தின்று வளரும் வேறொரு வண்ணத்துப்பூச்சி உண்டு, அது பறவைகளுக்குக் கசக்கும். நம்முடைய பெண் பூச்சி கறிவேப்பிலை தின்று வளர்ந்துவிட்டு, அந்தக் கசப்புப் பூச்சியின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறது. பறவைகள் ஏமாந்து விட்டுவிடுகின்றன. கடைசி வரி இப்படி இருந்தது: 'பலர் கவனிக்காமல் விடும் இந்த வேறுபாட்டைக் கண்டறிந்த தங்கள் மனைவியாரின் கூர்மையான கவனிப்புக்கு என் பாராட்டுகளைத் தெரிவிக்கவும்.'

கடிதத்தை மெஸ்ஸுக்கு எடுத்துப்போய், விரலில் விளமீன் வாசனையோடு அதைப் படித்தேன். வேஷம் என்ற சொல் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன்.

தெரிவித்தால் மறுநாள் சாளைக் கருவாடு. தெரிவிக்காவிட்டால் அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த ஒரே பாராட்டை நான் விழுங்கியவன் ஆவேன். மெஸ்ஸிலிருந்து அலுவலகம் வரை நடந்து யோசித்தேன். விழுங்கினேன்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். என்னைப் போன்றவனால் அது முடியாது. வந்த கடிதத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டும், சேர்த்ததைக் குறிப்பில் எழுத வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய், அவள் பின்கட்டில் இருந்தபோது, அப்படியே செய்தேன். நாடாவால் கட்டிப் பரணில் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அதை நான் திறக்கவில்லை. நிலுவை என்றால் திறக்காமல் இருப்பது என்றுதான் பொருள்.

அவள் சொல் தவறவில்லை. தங்கச்சி கொண்டுவந்த பொட்டலத்தை லைன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த வருடம் அழுத்தம் குறைந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஒருமுறை, சிவப்புப் பொட்டு ஒன்று செடியைச் சுற்றியபோது வீட்டுக்காரம்மாவிடம், "அது வேஷம் கட்டியிருக்கு, குருவிய ஏமாத்த," என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. திடுக்கிட்டேன். பிறகு, நாளெல்லாம் செடியருகில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதுகூடவா தெரியாது என்று விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றதும் இந்தப் பக்கம் மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். வளவு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடியில் நிட்டிங் மிஷின்கள் ஓடுகின்றன. செடி நின்ற இடத்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. வீட்டுக்காரம்மா இல்லை. அண்ணாச்சி மெஸ் போன இடம் தெரியவில்லை. மழைக்கு முன்னால் கறுநீல வண்ணத்துப்பூச்சிகள் ஊருக்கு மேலே ஒரே திசையில் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும், கம்பெனி வாசலில் டீ குடிப்பவர்கள் தம்ளரோடு அண்ணாந்து நிற்பார்கள். அவை இன்னும் போகின்றனவா, அண்ணாந்து பார்க்க ஆள் இல்லையா என்று தெரியவில்லை.

இன்று மதியம், அந்த ஓட்டையில்லாத கறிவேப்பிலை மனதை உறுத்தியதால், பரண் ஏறித் தகரப் பெட்டியைத் திறந்தேன். பதிலைக் கொடுத்துவிடலாம் என்றுதான். நாடா என் முடிச்சாக இல்லை என்பதை அவிழ்த்த பிறகே யோசித்தேன். குறிப்புத் தாளின் இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்து: 'பதில் 11.8.2004 அன்று வரப்பெற்றது. மனைவிக்குத் தெரிவிப்பது அவர் உடல்நலத்துக்கு உகந்ததல்ல என்பதால் கோப்பை நிலுவையில் வைக்கலாம். ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.' பழக்கதோஷத்தில், ஆணை பிறப்பிக்கும் அதிகாரிக்காகக் கீழே நாலு விரல்கடை இடம் விட்டிருக்கிறேன்.

அந்த இடம் காலியாக இல்லை.

"பரண்ல என்ன தேடுதீய? விழுந்து வைக்காதீய," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. தாளித்த கறிவேப்பிலையின் வாசனையும் லேசாக வந்தது. தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில், அவள் எழுதியிருந்தாள். 'பார்த்தேன். பாராட்டையும் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும்.' கீழே முழுக் கையெழுத்து. அதற்கும் கீழே, நான் கற்றுக்கொடுத்தபடி, தேதி: 12.8.2004.