கைக்கு மட்டும் அனுமதி

பொது மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி அறைக்குள் போனால் மேசைக்குப் பின்னால் ஒரு பெரிய படம் கண்ணில் படும். நோயாளிப் பெண் ஒருத்தியின் கூந்தலை இரண்டு கைகள் பின்னிக்கொண்டிருக்கின்றன. நரம்பு புடைத்த, நகத்தை ஒட்ட வெட்டிய, வயதான கைகள். கீழே தங்க எழுத்தில் ‘அன்பே எங்கள் மருந்து.’ முழங்கைக்கு மேலே ஆளைக் காணோம். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கைகளின் சொந்தக்காரிக்கு வயது எழுபத்தெட்டு. பெண்கள் வார்டில் அவருக்குப் பெயர் பின்னலக்கா. போன மாதம் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டை இல்லையாம்.

பின்னலக்கா பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டவர். மாமியார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் விட்டுப்போன இரண்டு கொழுந்தன்மார்களைப் பற்றிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. அவர்களையும், பிறகு தன் பிள்ளைகள் மூவரையும் வளர்த்து ஆளாக்கினார். கணவர் பக்கவாதத்தில் விழுந்து பதினொரு வருஷம் கட்டிலில் கிடந்தார். தினமும் அவருக்கு முகம் மழித்துவிட்டதும் இவர்தான். உறவுக்காரர்கள் வந்து பார்த்து, பொறுமையின் சிகரம் என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போவார்கள். ஒருத்தியைச் சிகரம் என்று சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவ்வளவு உயரத்துக்கு ஏறிவந்து யாரும் கைகொடுக்க வேண்டியதில்லை.

அவருக்கு இருபத்தாறு வயதில் விஷக்காய்ச்சல் வந்து இதே மருத்துவமனையில் இரண்டு மாதம் கிடந்தார். இடுப்பைத் தாண்டிய கூந்தல் சிக்காகிப் பாய் மாதிரி இறுகிவிட்டது. ஒருநாள் மயக்கம் தெளிந்து தலையைத் தொட்டுப் பார்த்தால் மொட்டை. யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று அழுதவரிடம் அன்றைய நர்ஸ், முடிதானே, வளரும் என்றாராம். முடி வளர்ந்தது. அந்தத் ‘தானே’ மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

முப்பது வயதில் ஒரு சீப்போடு அதே வார்டுக்குத் திரும்பி வந்தார். யாருமில்லாமல் படுத்திருக்கும் பெண்களுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவது, வேலை அவ்வளவுதான். கணவர் படுத்த படுக்கையாய் இருந்த காலத்திலும், அவர் காலையில் தூங்கும் ஒரு மணி நேரத்தில் ஓடிவந்து இரண்டு தலையாவது பார்த்துவிட்டுப் போவார். விடிந்ததும் பிரார்த்தனைக் கூடம், ஏழு மணிக்கு வார்டு என்று நாற்பத்தெட்டு வருஷம். பிரார்த்தனைக் கூடத்தில் ஒருமுறை சேவையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, “பேன் இருக்குன்னா யாரும் கூச்சப்படாதீங்க, சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகு யாரும் பேசச் சொல்லவில்லை. கேடயம் மட்டும் கொடுத்தார்கள். மொத்தம் நான்கு கேடயங்கள். காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க நன்றாக உதவுகின்றன.

மருத்துவமனையில் சுத்தம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதனால்தான் அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு புதுச் சீப்பை வெந்நீரில் கொதிக்கவைத்து, தனித்தனித் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். வேலை முடிந்ததும் சீப்பு அந்த நோயாளிக்கே. சிக்கை மேலிருந்து இழுக்க மாட்டார். வேர் வலிக்காமல் நடுமுடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரற்கடை விரற்கடையாக மேலே ஏறுவார். உதடு பிரார்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பெரிய சிக்கு என்றால் மூன்று நாள்கூட ஆகும்.

அப்படி ஒரு பெரிய சிக்கோடு வந்து சேர்ந்தவள்தான் பதினேழாம் கட்டில்காரி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் ஓட்டுபவள். படிக்கட்டில் விழுந்து கால் உடைந்து ஐந்து வாரம் வேறோர் ஆஸ்பத்திரியில் மல்லாந்தே கிடந்ததில் பின்னந்தலை கம்பளியாகிவிட்டது. வியாழக்கிழமை காலில் அறுவை சிகிச்சை. இந்தத் தலை ஆபரேஷன் தொப்பிக்குள் அடங்காது, வியாழன் காலைக்குள் சரியாகாவிட்டால் கத்தரிதான் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். அந்தப் பெண் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாளாம். கவலைப்படாதே, நானாச்சு என்று வாக்குக் கொடுத்த பின்னலக்கா, திங்கட்கிழமை பாதியை முடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வாசலில் புதுப் பலகை. அடையாள அட்டை இல்லாத தொண்டர்கள் உள்ளே நுழைய அனுமதி இல்லை. காவலாளி இருபது வருஷப் பழக்கம். அவர் அம்மாவின் கடைசிப் பின்னலைப் போட்டுவிட்டதே பின்னலக்காதான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அக்கா, என்னை வம்புல மாட்டிவிட்டுடாதீங்க.”

“உன்னை நான் ஏன்டா மாட்டிவிடப்போறேன்? உள்ள ஒருத்தி பாதித் தலையோட கெடக்கா.”

“மீதிப் பாதிக்கு அட்டை வாங்கிட்டு வந்துடுங்களேன்.”

அட்டை வாங்க அதிகாரியின் அறைக்குப் போனார். இரண்டு மணி நேரம் பெஞ்சு. அதிகாரி கோபக்காரர் இல்லை, தேனாகப் பேசுகிறவர். கோபக்காரரிடம் திருப்பிக் கத்தலாம், தேனிடம் என்ன செய்ய முடியும்? அட்டைக்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமாம். இவர் படித்தது ஐந்து. வயது அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம்; பதின்மூன்று வருஷம் தாமதம். மூன்று நாள் பயிற்சி வகுப்பும் உண்டாம். நோயாளியிடம் எப்படிப் புன்னகைப்பது என்பது முதல் நாள் பாடம்.

“உங்க சேவையை நாங்க ரொம்ப மதிக்கிறோம்மா” என்றார் அதிகாரி.

பின்னலக்கா அவர் தலைக்கு மேலே பார்த்தார். “அது என் கைங்க.”

அதிகாரி திரும்பிப் படத்தைப் பார்த்தார். “அப்படியா? ரொம்ப நல்லா வந்திருக்கும்மா” என்று சொல்லிவிட்டு விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்.

கை சுவரில் இருக்கலாம். கைக்குப் பின்னால் இருக்கும் ஆள் வாசலில் நிற்க வேண்டும். நாற்பத்தெட்டு வருஷம் ஒரு வேலையைச் சம்பளமில்லாமல் வாங்கிக்கொண்டு, நாற்பத்தொன்பதாவது வருஷம் நீ யார் என்று கேட்பதற்குத்தான் நிர்வாகம் என்று பெயர்.

வீட்டுக்கு வந்தால் மூத்த மகனுக்கு ஏக சந்தோஷம். “நல்லதாப் போச்சும்மா, இனிமேலாவது வீட்ல ரெஸ்ட் எடுங்க” என்றான். ரெஸ்ட் என்பது அவனுடைய இரட்டைப் பிள்ளைகளின் பெயர். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு யோசனையும் சொன்னான். பார்வையாளர் நேரம் நான்கு மணி. உறவுக்காரர்களுக்கு அட்டை வேண்டாம். அத்தை என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகலாம், யார் பார்க்கப்போகிறார்கள்?

“காலைல பிரார்த்தனை பண்ற வாயால சாயங்காலம் பொய் சொல்றதா?”

“வாயால சொல்ல வேணாம், கையால எழுதுங்க.”

“அந்தக் கையைத்தான் கூப்பிக் கும்பிடறேன்.”

புதன்கிழமை நான்கு மணிக்கு மறுபடி வாசலில் நின்றார். பையில் சீப்பு, சின்னக் கத்தரி, ஒரு போத்தல் தண்ணீர். காவலாளி பதிவேட்டை எடுக்கப் போனார். அவரைத் தடுத்துவிட்டு, பலகையை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். மூன்று முறை படித்தார்.

“உள்ளே நுழையன்னுதானே போட்டிருக்கு?”

“ஆமாக்கா.”

“அவ வெளிய வரலாமா?”

காவலாளி தலையைச் சொறிந்தார். “சக்கர நாற்காலில வராந்தா கம்பி வரைக்கும் வரலாம். காத்து வாங்கலாம்.”

“அப்போ காத்து வாங்கட்டும்.”

ஆயா பதினேழாம் கட்டில்காரியைத் தள்ளிக்கொண்டு வந்து, முதுகு கம்பியில் படும்படி நிறுத்தினார். வெளியே பின்னலக்கா. கம்பிக்கு நடுவே கையை விட்டு, பாதியில் நின்ற வேலையைத் தொடர்ந்தார். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐந்து மணிக்குத் தலைமை நர்ஸ் வந்தார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொப்பிக்குள் அடங்கினால் எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் எல்லாம் பிரிந்துவிட்டது, பிடரியில் எலுமிச்சை அளவு ஒரு முடிச்சைத் தவிர.

பின்னலக்கா கையை நிறுத்தினார். “இது வராதும்மா. வெட்டணும். வெட்டட்டுமா?”

அந்தப் பெண் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். ஐந்து வாரமாக ஊசி குத்தினார்கள், மாவுக்கட்டுப் போட்டார்கள், புரட்டினார்கள். ஒருவரும் இப்படிக் கேள்விக்குறி போட்டுப் பேசியதில்லை. பின்னலக்கா கத்தரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐம்பத்திரண்டு வருஷம் காத்தவருக்கு ஐந்து நிமிஷம் பெரிதா?

“காட்டுங்க” என்றாள். முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். “சரிக்கா, வெட்டுங்க. அதை மட்டும்.”

வெட்டியது அதை மட்டும். இரண்டு பின்னல்கள். வியாழக்கிழமை இரண்டும் தொப்பிக்குள் அடங்கின; கால் நன்றாக இருக்கிறது.

அதிகாரி சும்மா இருப்பாரா? அந்த மருத்துவமனையில் லிஃப்ட் நின்று நான்கு வருஷமாகிறது. பழுதுபார்க்க ஆள் கிடைக்கவில்லை. வராந்தாக் கம்பிக்குத் தகரம் அடிக்க ஒரே நாளில் ஆள் கிடைத்தது. ஆனால் அளவெடுத்தவர் அவசரத்தில் எடுத்திருக்கிறார். இரண்டு தகரத்துக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் இடைவெளி விழுந்துவிட்டது.

இப்போதும் நாலு மணிக்குப் பெண்கள் வரிசையாக வந்து அந்த இடைவெளிக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள். ஆள் தெரிவதில்லை. முழங்கை வரைக்கும் இரண்டு கைகள் மட்டும் உள்ளே வந்து சிக்கெடுக்கின்றன. மேலே அறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, அச்சு அசல் அதே மாதிரி. படித்துவிட்டு யாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு அளவெடுக்கக் கிளம்ப வேண்டாம்.