தையல் ஹாலைத் திருப்பி வைத்த ஜெசிந்தா

ஜெசிந்தா போய்விட்டாள்... இன்று காலை, மாரடைப்பு. காட்பாடியிலிருந்து அவள் தம்பி போன் செய்து சொன்னான்.

இரண்டாயிரங்களின் நடுவில் வேலூரில் ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸ். நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து டேபிள்.

நாங்களெல்லாம் கம்ப்யூட்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவள் மட்டும் 'பிம்' என்று ஒரு புது முறையைப் பிடித்துக்கொண்டாள். அதில் சுவர் வெறும் கோடு இல்லை... எந்தச் செங்கல், என்ன தடிமன், எந்தத் திசை, எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

சிஸ்டம் அடிக்கடி ஹேங் ஆகும். "இன்னாடி, மறுபடியும் போச்சா?" என்பேன்.

"போவட்டும்டி. கட்றதுக்கு முன்னாடியே உள்ள போய் நடந்து பாக்கலாம், தெரியுமா?" சிரித்துக்கொண்டே ரீஸ்டார்ட் செய்வாள்.

மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் புது யூனிட் எங்களிடம் வந்தது. முதலாளி பாய்க்கு ஹைவேயில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி நீளமான கண்ணாடி முகப்பு வேண்டும். பிளான் ரெடி, அஸ்திவாரத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

அந்த முகப்பு மேற்கு. அதற்குப் பின்னால்தான் தையல் ஹால்.

அவர்களுடைய பழைய யூனிட்டும் அப்படித்தான். ஜெசி ஒரு மே மாத மதியம் அங்கே போய்த் தையல் லைனில் உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து மிஷினில் இருந்த கலா, "மூணு மணிக்கு மேல வெயில் உள்ள வந்து ஒரே பேஜார் மேடம். போன வாரம் ஒரு பொண்ணு மயங்கி மிஷின் மேலயே சாஞ்சிட்டா" என்றாள்.

பாயோடு அடுத்த மீட்டிங்... "முடிஞ்ச பிளான், நீ ஒண்ணும் பேசாத" என்று எங்கள் பாஸ் சொல்லியிருந்தார். ஜெசி லேப்டாப்பைத் திறந்துவிட்டாள்.

திரையில் சூரியன் மேற்கே இறங்க இறங்க, கண்ணாடி வழியாக மஞ்சள் வெயில் வரிசை வரிசையாக ஹாலுக்குள் ஏறியது.

"இன்னாம்மா, சினிமா காட்றியா?"

"இல்ல பாய். மே மாசம் சாயங்காலம் உங்க ஹால் இதான். அந்த மஞ்சள்ல உக்காந்திருக்கப் போறது தைக்கிற பொம்பளைங்க."

பிறகு மொத்தக் கட்டடத்தையும் திருப்பிக் காட்டினாள். மேற்கில் நீளம் குறைந்த, ஜன்னலில்லாத சுவர், வடக்கில் ஜன்னல்கள். வெயில் வெளியே நின்றுவிட்டது. "பகல்ல லைட்டு கம்மியா போதும் பாய். கரண்டும் ஜாஸ்தி ஆவாது."

"ரோட்லருந்து கம்பெனி தெரியாதே?"

"தெரியாது பாய்."

பாய் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த வெயில இன்னொரு தபா காட்டு."

காட்டினாள்.

"திருப்பிடும்மா."

கட்டி முடித்த பிறகு வந்த முதல் கோடையில் இருவரும் போனோம். மத்தியானம்... பாதி ட்யூப்லைட் அணைந்திருந்தது. புது யூனிட்டுக்கு மாறியிருந்த கலா தைத்துக்கொண்டே, "வீட்டுக்குக் கிளம்பறப்பதான் மேடம் வெயில்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது" என்றாள். ஜெசி வெளியே வந்து மூக்கை உறிஞ்சினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கலா இப்போது அங்கே சூப்பர்வைசர். காலையில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் கம்பெனி பஸ்லயே எல்லாரும் வர்றோம் மேடம். பாய் அனுப்பறேன்னுட்டாரு."

உன்னைப் பார்க்க வருகிறார்கள் ஜெசி... போய் வாடி.