வாய்க்கால் கீரைக்கு ஜாமீன்

கண்ணாடித் தம்ளரை வாய்க்காலில் முக்கி எடுத்து, சூரியனுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் பராசரன். தண்ணீர் இன்று ஏறக்குறையக் காப்பி நிறம். மேலே ஒரு கோழி இறகு மிதக்கிறது; அடியில் ஏதோ நெளிகிறது. தம்ளரை இரண்டு சுழற்றுச் சுழற்றி, மறுபடி பார்த்து, "தோஷமில்லை" என்கிறார். பாலக்கரைக் கூட்டுத் தோட்டத்துக்கு அன்றைய மடை திறக்கப்படுகிறது.

யுத்தம் வந்து கத்தரிக்காய்க்கெல்லாம் யானை விலை ஆன பிறகு, உணவைப் பெருக்குங்கள் என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டினார்கள். பாலக்கரைவாசிகள் மறுக்காமல் பெருக்கினார்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் சும்மா கிடந்த புறம்போக்கைக் கொத்தி, பாத்தி கட்டி, ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொண்டார்கள். காரியதரிசி ஒருவர் வேண்டியிருந்தது. இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்த குற்றத்துக்காகப் பராசரன் அகப்பட்டார்.

ஸ்ரீரங்கத்துக்காரர். பாலக்கரையில் ஒரு மாடி அறை பிடித்து ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிறார். பஞ்சகச்சம், மூடிய கோட்டு, பளிச்சென்ற திருமண், கக்கத்தில் குடை. குடை வெயிலுக்கு அல்ல. எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறாரோ அதைத் தொடாமல் சுட்டிக்காட்டுவதற்கு.

அந்த வாய்க்கால் புறப்படும்போது காவேரிதான். பாலக்கரை வந்து சேருவதற்குள் தோல் பதனிடும் ஷாப்பு, சாயப் பட்டறை, மாட்டுக் கொட்டில், நாற்பது சந்துகளின் சாக்கடை எல்லாவற்றோடும் உறவு கொண்டாடிவிட்டு வருகிறது. இதைப் பராசரனிடம் சொன்னால் வருத்தப்படுவார். "மூலம் காவேரி ஓய்! வழியில நாலு பேர் கை அலம்பினா அது தீர்த்தம் இல்லேன்னு ஆயிடுமோ?" என்பார். பக்கத்துப் பாத்திக்காரரான அச்சாபீஸ் இன்னாசிராஜ் ஒரு நாள், "தம்ளர்ல புழு நெளியுதே, சார்" என்று சந்தேகம் எழுப்பினார். "புழு பிழைக்கிற ஜலத்துல மனுஷன் பிழைக்க மாட்டானா?" என்று கேட்டார் பராசரன். விஞ்ஞானம் அத்துடன் முடிந்தது.

தோட்டத்தில் விளைவதில் காரியதரிசிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போனதை எவரும் பார்த்ததில்லை. பேராசை இல்லாத மனிதர் என்றுதான் முதலில் நினைத்தார்கள். தக்காளி காய்த்தது; அது சீமைச் சரக்கு, அவர்கள் வீட்டில் ஆகாது. சுரைக்காய் சாஸ்திரத்தில் விலக்கு. கீரைக்குச் சாதுர்மாஸ்ய விரதம் குறுக்கே வந்தது. விரதம் முடிந்த மாதத்தில் தகப்பனார் திதி வந்தது. வெண்டைக்காய் விஷயத்தில் சாஸ்திரம் வாய் திறக்காததால், தமக்கே அது வாயு என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு விசேஷம். ஊரில் மூச்சு விடுகிறவன் எவன் அகப்பட்டாலும் பாலிசி எடுக்க வைக்கும் பராசரன், தோட்டத்து அங்கத்தினர் ஒருவரைக்கூட எடுக்க வைத்ததில்லை. "அவாள்ளாம் நம்ம மனுஷா. நம்ம மனுஷாகிட்டே கமிஷன் பார்க்கப்படாது" என்பது அவர் கொள்கை.

தை மாதத்தில் ஒரு ஏகாதசியன்று சாயங்காலம், சுருட்டுக் கம்பெனியில் இலை நரம்பு கிழிக்கும் ரோசம்மாள் தன் பாத்தியில் முளைக்கீரை பறித்துக்கொண்டிருந்தாள். தோளில் துணிப்பை தொங்க, பராசரன் வரப்போடு வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். எங்க சின்னதுக்குப் போன வாரம் பூரா வயித்தால போச்சு. செத்துப் பொழைச்சு இப்பத்தான் எந்திரிச்சு உக்காருது. இந்தக் கீரையைக் கடைஞ்சு ஊட்டலாங்களா? வேற வாங்க வக்கில்லை. இதை விட்டா வெறுங்கஞ்சிதான்."

"பேஷா ஊட்டு. தோஷமில்லைன்னு காலம்பரதானே சொன்னேன்?"

"அவரு என்னிக்கு அக்கா தோஷம்னிருக்காரு?" என்றார் இன்னாசிராஜ், மண்வெட்டியை நிறுத்தாமல். "எருமை செத்து மிதந்து வந்தப்பவும் இதேதான் சொன்னாரு."

"அது ஓடற ஜலம் ஓய். எருமையும் ஓடிப் போயிடுத்தோல்லியோ?"

ரோசம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து போய், வேலியோரத்து அகத்தியில் நாலு கொத்து ஒடித்து வந்து அவர் கையில் வைத்தாள். "நாளைக்கு உங்களுக்குத் துவாதசியாமே. அகத்திக்கீரை இல்லாம பட்டினி முடிக்க மாட்டீங்கன்னு கடையில பேசிக்கிட்டாங்க. நம்ம தோட்டத்துது. கொண்டு போங்க, சாமி."

பராசரன் அகத்தியைப் பார்த்தார். சீமைச் சரக்கு அல்ல, விலக்கும் அல்ல. சாஸ்திரமே தின்னச் சொல்கிற கீரை, சாஸ்திரம் சொன்ன நாளில் வந்து நின்றது.

"எங்காத்துல பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணாம நாங்க எதையும் வாயில வைக்கிறதில்லையே..." என்று இழுத்தார்.

"பண்ணுங்க. உங்க பெருமாளுக்குப் படைச்சிட்டே நீங்க சாப்பிடுங்க."

"பெருமாளுக்கா? இதையா?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. இன்னாசிராஜின் மண்வெட்டி நின்றது.

ரோசம்மாள் குரலை உயர்த்தவில்லை. "எம் புள்ளைக்கு ஊட்டலாம்னீங்களே, சாமி" என்றாள். "உங்க வாய்ச்சொல்லை நம்பித்தானே இத்தினி நாளும் ஊட்டிக்கிட்டிருக்கேன்."

பராசரன் அகத்தியை வரப்பில் வைத்தார். அகத்தியை வரப்பில் வைத்தார். தோளிலிருந்த துணிப்பையை இறக்கி, இரண்டு வாழைமட்டைப் பொட்டலங்களை வெளியே எடுத்தார். ஒன்றில் அகத்தி, மற்றதில் சிறுகீரை.

"லால்குடிக் கீரைக்காரிகிட்டே வாங்கினது" என்றார், யாரையும் பார்க்காமல். "அவ வயல்ல கிணத்து ஜலம்."

"தினமும் அங்கேதானா சார்?" என்று கேட்டார் இன்னாசிராஜ். பராசரன் குனிந்து, ரோசம்மாளின் கூடையிலிருந்த முளைக்கீரையைத் தம் கையாலேயே அள்ளி வரப்பில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சிறுகீரையை வைத்தார்.

அவள் கூடையைத் தொடவில்லை. கீரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "இது?" என்றாள்.

ஏகாதசி விரதத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத பராசரன், சிறுகீரையில் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு, அவள் பார்க்க மென்று விழுங்கினார்.