அருவிக்கு முன்னால் ஒரு சந்தன மொட்டை

சாரல் முகத்தில் அடித்தால் எல்லோரும் முதலில் கண்ணைத்தான் துடைத்துக்கொள்வார்கள். எங்கள் மேனேஜர் கேமராவின் கண்ணாடியைத் துடைப்பார். அதற்கென்றே பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஸ்வெட்டர் பைக்குள் மடித்து வைத்திருப்பார். நான் கேமராவுக்கு மேல் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பேன். எங்கள் இரண்டு பேர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டும். கேமரா மட்டும் நனையாமல் இருக்கும். அவர் குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார், மறுபடி குனிவார். "இன்னும் கொஞ்சம் பொறு. அந்த மேகம் வரட்டும்" என்பார். மேகம் வருவதற்காக நான் நின்ற ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் என் வயதில் பாதி அருவிக் கரையிலேயே போனது போலத் தோன்றுகிறது. உண்மையில் அவர் எங்கள் ஊரில் இருந்தது சில வருடங்கள்தான்.

கொடைக்கானலில் நாங்கள் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு அவர் மாற்றலாகி வந்தபோது நான் அங்கே காசாளர். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். விருதுநகர்க்காரர். கணவருக்குச் சென்னையில் வேலை, மகள் அங்கேயே கல்லூரி விடுதியில். மலையில் தனியாக ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தார். மாற்றலாகி வருகிற மேனேஜர்கள் எல்லாருமே வந்த முதல் வாரத்திலேயே குளிரைத் திட்டுவார்கள், அடுத்த வாரம் திரும்பிப் போவதற்கு விண்ணப்பம் எழுதுவார்கள். இவர் என் கவுன்டருக்கு வந்து, "நீங்க இந்த ஊர்தானே? ஆளுக அதிகம் போகாத அருவி எங்கெங்க இருக்கு?" என்று கேட்டார். நான் பிறந்து வளர்ந்ததே அந்த மலையில்தான். ஆனாலும் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்து இரண்டு மூன்று இடங்கள் சொன்னேன். "ஞாயித்துக்கெழம என்ன சோலி ஒங்களுக்கு?" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. வங்கிக்குள் எனக்கு 'நீங்க'. அருவிக்குப் போகும் ஜீப்பில் ஏறியதும் 'வா, போ'. திங்கட்கிழமை காலையில் மறுபடி 'நீங்க' ஆகிவிடும். அந்தக் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை.

வெயிலை அவருக்குப் பிடிக்காது. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் வெயில் வராதா என்று ஏங்குவார்கள். இவர் வெயில் வந்தால் மூடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். "வெயில்ல தண்ணி, சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி ஆயிரும். பக்கத்துல பாறையெல்லாம் கரி. நடுவுல ஒண்ணும் இருக்காது" என்பார். மேகம் மூடிய வெளிச்சத்தில் மட்டும்தான் அருவியின் வெள்ளைக்குள்ளேயே பல வெள்ளைகள் தெரியும் என்பது அவர் கட்சி. ஈரப் பாறை வானத்தைப் பிரதிபலித்துப் பளபளத்தால், ஒரு கறுப்புக் கண்ணாடி வளையத்தை லென்ஸின் முன்னால் மாட்டி மெல்லத் திருகுவார். பளபளப்பு அடங்கி, பாறையின் பாசிப் பச்சை உள்ளேயிருந்து எழுந்து வரும். அதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கும். அருவியை எப்போதும் நட்ட நடுவில் வைக்க மாட்டார். ஓரத்தில் தள்ளி, முன்னால் ஒரு பெரணிச் செடியோ சாய்ந்த வேரோ வரும்படி கேமரா முக்காலியை இறக்கி, மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்குப் போகும்போது சேலையின் முழங்கால் பக்கம் முழுக்கச் சேறாக இருக்கும்.

நாங்கள் சண்டையும் போட்டிருக்கிறோம். ஷட்டரை நிறைய நேரம் திறந்து வைத்துத் தண்ணீரைப் பஞ்சாக்கி எடுப்பார். "தண்ணி எங்க மேடம் இப்பிடி இருக்கு? இது என்னமோ சாம்பிராணிப் புகை மாதிரில்ல கெடக்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் எனக்காகவே மிக வேகமான ஷட்டரில் ஒன்று எடுத்து, கேமராவின் பின்பக்கத் திரையை முந்தானையால் மூடிக் காட்டினார். ஒவ்வொரு துளியும் பாசிமணி அறுந்து சிதறியது போல நின்றது. "இதுதான் நான் பாத்தது" என்றேன். "ஒன் கண்ணு வேற, என் கண்ணு வேற" என்று சிரித்தார்.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. யாராவது குளித்துக்கொண்டிருந்தால் காத்திருப்பார். காத்திருந்து பொறுமை போய்விட்டால், கைகூப்பாத குறையாக, "கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா" என்று கேட்பார். பெரும்பாலும் நகர்ந்துவிடுவார்கள்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தாண்டிக்குடிப் பக்கம் போயிருந்தோம். சாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு, காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி நடந்தால் பலகை ஒன்றும் இல்லாத அருவி ஒன்று வரும். உயரம் அதிகமில்லை. இரண்டு கையாகப் பிரிந்து விழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கரும்பாறை. அந்தப் பாறைதான் அவருக்கு வேண்டும். போய்ச் சேர்ந்தபோது எங்கள் தலைக்கு மேல் மேகம் இல்லை, நல்ல வெயில். மேலே சோலைக்காட்டுப் பக்கம் மட்டும் இருட்டிக் கிடந்தது. முக்காலியை அருவிக்குக் கீழே ஒரு தட்டைக் கல்லில் நிறுத்தி, படத்தின் சட்டகத்தைச் சரிசெய்து, பூட்டிவிட்டுக் காத்திருந்தோம்.

அப்போதுதான் அந்தக் குடும்பம் வந்தது. ஏழெட்டுப் பேர். பழனியில் குழந்தைக்கு முடியிறக்கிவிட்டு வேனில் அப்படியே மலையேறியவர்கள். தகப்பனுக்கும் மொட்டை, நாலு வயசு இருக்கும் பையனுக்கும் மொட்டை. தலை முழுக்கச் சந்தனம். தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுவந்திருந்தார்கள். நேராகப் போய்க் கரும்பாறைக்குக் கீழே, தண்ணீர் விழுந்து ஓடுகிற பாறைத் திட்டில் உட்கார்ந்தார்கள். பையன் எல்லாருக்கும் முன்னால், சின்னக் கல் ஒன்றில், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு.

மேனேஜர் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அவ்வளவு வெள்ளைக்கு முன்னால மஞ்சளா ஒரு மண்டை. கண்ணு வேற எங்கயுமே போகாது" என்றார். போய்க் கேட்டார். நகர்ந்தார்கள். பையன் திரும்ப அதே கல்லுக்கு வந்தான். மறுபடி கேட்டார். தகப்பன் முகம் சுளித்தார். வெளிச்சம் மாறும்போதெல்லாம் இவர் அளவு பார்க்க அதே சட்டகத்தில் ஒன்று எடுத்துக்கொண்டார். ஆள் விலகாதா என்று இன்னொரு முறை குரல் கொடுத்தார். ஒரு கட்டத்தில் அவர்கள் திரும்பிப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

பிறகு சும்மா இருக்கிற நேரத்துக்கு, எடுத்தவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். அவர் கை நின்றது. முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். "இந்தா பாரு" என்றார். முக்காலி அசையவே இல்லை என்பதால் எல்லாப் படமும் ஒரே அச்சு. முதல் படத்தில் கரும்பாறை அகலமாக இருந்தது. கடைசிப் படத்தில் பாதிதான் தெரிந்தது. இரண்டு கையாக விழுந்த தண்ணீர் நெருங்கி வந்திருந்தது. வெள்ளை வெள்ளையாக இல்லை. தேத்தண்ணி கலந்தது போல ஒரு நிறம். எனக்கு அது வெளிச்சம் மாறியதால் என்று பட்டது. நிமிர்ந்து பார்த்தால் அருவி எப்போதும் போலத்தான் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைக் கண் எங்கே கண்டுகொள்கிறது?

அவர் அதற்குள் கத்தத் தொடங்கியிருந்தார். "எந்திரிங்க, எந்திரிச்சு மேல வாங்க. வெரசா வாங்க."

தகப்பன் கையில் சோற்றோடு திரும்பினார். "என்னங்க இது, வந்ததிலேருந்து இதே சோலியா இருக்கு ஒங்களுக்கு? ஒங்க போட்டாவுக்காக நாங்க சோத்தைப் பாதியில வச்சிட்டு ஓடணுமா? அருவி என்ன பட்டா போட்டா வச்சிருக்கீங்க?"

"போட்டாவுக்கு இல்லய்யா. தண்ணி வருது, மேல மழை."

தகப்பன் அண்ணாந்து பார்த்தார். எங்கள் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், "அடுத்து புலி வருதும்பாங்க" என்றார்.

மேனேஜர் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினார். சின்னக் கல்லில் இருந்த பையனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டில் ஏறிக் காப்பிச் செடிகளுக்குள் ஓடினார். ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு தாய் அலறினாள், "ஏங்க, புள்ளயத் தூக்கிட்டு ஓடுறா, புடிங்க." சோறு, தூக்குவாளி, செருப்பு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அத்தனை பேரும் அவர் பின்னால் ஓடினார்கள். நானும் ஓடினேன். தண்ணீருக்குப் பயந்து ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் என் மேனேஜருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துத்தான் ஓடினேன்.

மேட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தாய் அவரைப் பிடித்துவிட்டாள். பிடித்ததும் ஓங்கி ஒரு அறை. மேனேஜரின் மூக்குக் கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. பையனை அவள் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தகப்பன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. அதை இடி என்று சொல்ல முடியாது. லாரியிலிருந்து கருங்கல்லைச் சரித்துக் கொட்டினால், கொட்டுவது நிற்கவே நிற்காமல் போனால், அப்படி இருக்கும். எல்லாரும் திரும்பினோம். அருவியின் இரண்டு கையும் ஒன்றாகி, செம்மண் நிறத்தில் ஒரே சுவராக விழுந்தது. கரும்பாறை இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த திட்டு இல்லை. ஒரு முழு மரம் வேரோடு வந்து திரும்பிக் கீழே போனது. எங்கள் முக்காலி கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் சிறிது நேரம் தாக்குப்பிடித்தது. கேமராவோடு அது சாய்ந்ததை மேனேஜர் கண்ணாடி இல்லாமல் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன். சொல்லவில்லை.

தகப்பன் ஓங்கிய கையை எப்போது இறக்கினார் என்று தெரியவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாய் மேனேஜரைப் பார்த்தாள். அடித்த அதே கையால் அவர் முழங்கையைப் பற்றிக்கொண்டு, அழுதாள். "நீங்க பெத்த தாயி… நீங்க பெத்த தாயி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பையன் மட்டும் தன் செருப்பைக் கேட்டு அழுதான். நான் காப்பிச் செடிகளுக்கு அடியில் தேடிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் விரிசல்.

திரும்பி வரும்போது ஜீப்பில், "இன்னும் ரெண்டு வார்த்தை பேசிப் பாக்காம ஏன் மேடம் புள்ளயத் தூக்குனீங்க?" என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் சொன்னா அவங்க எப்பிடி நம்புவாங்க? வந்ததிலேருந்து தள்ளு, தள்ளுன்னுதானே சொல்லிட்டிருந்தேன். புள்ளைத் திருடின்னு நெனச்சாத்தான் அத்தன பேரும் எந்திரிச்சு வருவாங்க." அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரின் தோளில் சந்தனம் அப்பியிருந்தது. மறுநாள் வங்கியில் கன்னம் வீங்கி இருந்ததற்குப் பல்வலி என்று சொன்னார். வாடிக்கையாளர் ஒருவர் கிராம்புத் தைலம் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். "ரொம்ப நன்றிங்க" என்று வாங்கி மேசையில் வைத்துக்கொண்டவர், நிமிர்ந்து என் கவுன்டரைப் பார்க்கவே இல்லை.

அதன் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. அருவி என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது மகள் ஒரு கேமரா அனுப்பினாள். ஒரு வாரம் பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை, வங்கி மூடும் நேரத்தில், "நாளைக்கு என்ன சோலி ஒங்களுக்கு?" என்றார்.

மறுநாள் போன ஓடையில் தோட்டத்துப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர்களாகவே ஒதுங்கினார்கள். "வேணாம், நீங்க ஒங்க வேலையப் பாருங்க. அப்பிடியே இருங்க" என்றார் மேனேஜர். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போனால் அந்தப் பெண்கள் எல்லாரும் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, துவைக்கத் துணியே இல்லாமல் வரிசையாக நின்றார்கள். அதையும் எடுத்தார். ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுத்தார். மாற்றல் ஆகிப் போகிறவரை அவர் எடுத்த அருவிப் படங்கள் எதிலும் ஆள் இல்லாமல் இல்லை. எங்கோ ஓரத்திலாவது ஒரு விறகுக்கட்டு, ஒரு குடை, குனிந்து முகம் கழுவும் ஒரு ஆள் என்று யாராவது இருப்பார்கள்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மழைக்காலத்தில் என்னைப் பார்க்க வந்தார். முழங்கால் மடங்கவில்லை, மண்டியிடுவதெல்லாம் முடிந்துபோன கதை. ஆனாலும் தாண்டிக்குடி வரை போகலாம் என்றார். அந்த அருவிக்கு இப்போது பெயர்ப் பலகை இருக்கிறது, இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது, மேலே மழை என்றால் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்ற ஒரு ஆளும் இருக்கிறார். சாலையோரக் கடையில் டீ வாங்கிக்கொண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். கீழிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது.

"அந்தப் பயலுக்கு இப்ப கல்யாண வயசு வந்திருக்கும்ல?" என்றார்.

"ஆயே இருக்கும் மேடம். ஊர்ப்பக்கம் சீக்கிரமே பண்ணிருவாங்க."

"இல்ல, படிச்சிருப்பான். எஞ்சினியரா இருப்பான்."

"அப்பா மாதிரி வாய் இருந்தா வக்கீலாத்தான் போயிருப்பான்."

சிரித்தார். வக்கீல் வேண்டாம் என்றார். பெண் எந்த ஊராக இருக்கும் என்று பேசினோம். ஒட்டன்சத்திரம் என்றேன் நான். கம்பம் என்றார் அவர். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கும் பழனியில் முடியிறக்கியிருப்பார்கள் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். டீ ஆறிவிட்டது. அவன் பெயர் என்ன என்று அன்றைக்கு நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.