ஆக்சிடென்ட் ஆகாத வண்டி

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கோபமில்லை. நானும் ஒரு மெக்கானிக், நட்டு போல்ட்டைத் தவிர எதையும் நம்பாத ஆள். ஆனால் இது என் அக்காவுக்கும் மச்சானுக்கும் நடந்தது. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். அக்கா கன்னத்தில் இருந்த அடையாளத்தை நானே என் கண்ணால் பார்த்தேன்.

மச்சான் கார் சீட் தைப்பவர். ஊரே அவரை 'ஊசி' என்றுதான் கூப்பிடும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளேடு கத்தி இருக்கும், சாப்பிட உட்கார்ந்தாலும் இருக்கும். இருபது வருஷமாக அடுத்தவன் வண்டிக்குத் தோல் தைத்துத் தைத்து, தனக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்ற ஆசை அவருக்கு முற்றிப் போயிருந்தது. அணைக்கட்டுக்கு ஏறும் ரோட்டில் இருபத்திரண்டு வளைவுகள். கியரை மாற்றி மாற்றி அதில் ஓட்ட வேண்டும். வாழ்க்கையில் அவர் கேட்டது அவ்வளவுதான்.

"புதுசு வாங்க நமக்கு வக்கில்ல மாப்ள. பழசுல நல்லதா ஒண்ணு பாரு," என்றார் என்னிடம்.

மூன்று வண்டி பார்த்தோம். முதல் வண்டியின் அடியில் கை வைத்தேன், துரு பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது, மூன்றாம் கியரில் போட்டாலே அழுதது. மூன்றாவது சாம்பல் நிறம், இரண்டே சீட்டு, பதினான்கு வயசு. பெயின்ட், வெல்டிங், எஞ்சின், பெல்ட்டில் அடித்திருக்கும் தேதிவரை பார்த்தேன். எல்லாம் கம்பெனியில் போட்டபடியே இருந்தன. மூன்றில் விலையும் அதற்குத்தான் குறைச்சல்.

"ஆக்சிடென்ட் ஆகாத வண்டி சார். சத்தியமா சொல்றேன்," என்றார் புரோக்கர்.

அது உண்மைதான். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் வெளியில் செய்து மாட்டியது. பக்கத்து சீட்டில் பெல்ட்டைச் செருகும் லாக்குக்கு ஒரு தடித்த தோல் உறை. சிவப்புப் பொத்தான் முழுக்க மூடியிருந்தது. உறையில் ஒரு சின்ன ஓட்டை. அதில் வண்டிச் சாவியை நுழைத்து அழுத்தினால்தான் பெல்ட் கழலும்.

"எவனோ வாலுப் பிள்ளைக்காகப் பண்ணியிருக்கான்," என்று மச்சான் அதைத் தடவிப் பார்த்தார். "தையலைப் பாரு மாப்ள! பிரிக்கவே மனசு வரல."

பிரிக்கவில்லை. தையல்காரருக்குத் தையல் மேல் பாசம். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே அறுத்து எறிந்திருப்பார்கள்.

முதல் வாரம் அவர் தனியாகத்தான் ஓட்டினார். செவ்வாய்க்கிழமை, நான்காவது வளைவில், திடீரென்று... டிங்... டிங்... டிங்... பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று வண்டி சொல்கிறது. பக்கத்தில் ஈ காக்கா இல்லை. மணி 4:07.

வியாழக்கிழமையும் அதே 4:07. அதே வளைவு.

சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன், பழுதில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலையை மச்சான் செய்தார். காலி சீட்டின் மேல் பெல்ட்டை இழுத்து லாக்கில் மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. ஆனால் அந்த பெல்ட் சீட்டில் ஒட்டிப் படியவில்லை. ஒரு ஆள் பருமனுக்கு விலகி... அந்தரத்தில் நின்றது.

"பெல்ட்டை இழுக்கிற சுருள் மக்கர் பண்ணுது," என்று சொல்லிச் சிரித்தோம். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு நாள்கூட அவளை அவர் கை நீட்டி அடித்ததில்லை. அவள் சத்தம் போட்டால் இவர் கடைக்குப் போய்விடுவார், அப்படிப்பட்ட மனுஷன். 3:40க்குக் கிளம்பினார்கள். அக்கா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாளாம்.

நான்காவது வளைவு. 4:07.

டக்.

இரண்டு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன.

"என்னங்க, பெல்ட் இறுக்குது."

"லேசா முன்னால சாஞ்சுக்கோ."

"முடியலைங்க... ரொம்ப இறுக்குது..."

மச்சான் பிரேக்கை மிதித்தார். கால் அடிவரை போனது. வண்டியின் வேகம் குறையவில்லை.

பட்!

அக்காவின் தலை கண்ணாடியில் போய் மோதியது. மச்சான் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன.

பட்!

உதடு கிழிந்தது. ரத்தம் டேஷ்போர்டில் தெறித்தது.

"அடிக்காதீங்க! ஐயோ, அடிக்காதீங்க!"

"நான் இல்லடி! என் கையைப் பாரு!"

அவள் அவர் முகத்தையே பார்த்து அலறினாள். விரல்கள் லாக்கைப் பிறாண்டின. தோல் உறை... சிவப்புப் பொத்தான் எட்டவில்லை... சாவியோ ஓடுகிற வண்டியின் இக்னிஷனில்.

பட்! பட்!

மச்சான் பையிலிருந்து பிளேடை எடுத்தார்.

அக்கா அதைப் பார்த்தாள்.

அவள் போட்ட அந்தக் கூச்சல்...

அறுத்தார். ஒரே இழுப்பு. பெல்ட் இரண்டாகத் துண்டானது.

எல்லாம் நின்றது.

வண்டியும் நின்றது. கதவு திறந்துகொண்டது. மேலே அணைக்கட்டு வாசல். மணி 4:18. மொத்தம் ஒரு நிமிஷம்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார் மச்சான்.

அக்கா எனக்கு போன் பண்ணினாள். "டேய்... உன் மச்சான் என்னை அடிச்சிட்டாருடா. கத்தி எடுத்துட்டாருடா."

நான் போய் இறங்கிய வேகத்தில் மச்சானின் மூஞ்சியில் ஒன்று விட்டேன். அவர் தடுக்கவில்லை. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியபோதுதான் அக்காவின் கன்னம் கண்ணில் பட்டது. வீங்கிய இடத்தில் ஒரு சதுர அச்சு, கல் வைத்த மோதிரத்தின் அச்சு.

மச்சான் மோதிரம் போடுவதே இல்லை. நூல் மாட்டும் என்று கல்யாண மோதிரத்தையே கழற்றி வைத்தவர். அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

புரோக்கருக்கு போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"முதல் ஓனர் பொண்டாட்டியை அந்த சீட்டுலயேதான் அடிச்சுக் கொன்னான், ஓடுற வண்டியில. அணைக்கட்டு ரோட்டுல நாலாவது வளைவுகிட்ட இருக்கிற கீழ் வாசல் கேமராவுல மணி நாலு ஏழு, அந்தம்மா உயிரோட இருக்காங்க. மேல் வாசல் கேமராவுல நாலு பதினெட்டு... இல்ல. ஆனா சார், வண்டியில ஒரு கீறல் கிடையாது. நான் பொய் சொல்லல."

மறுநாள் காலை கடையில் வைத்து அந்த உறையை மச்சான் பிரித்தார். அக்காவும் பக்கத்தில் நின்றாள். தோலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஏதோ சிக்கியிருந்தது. ஊசி முனையால் நெம்பி எடுத்தார். பாதி நகம். நீலச் சாயம் பூசியது. அக்கா தன் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஒரு நகமும் உடையவில்லை. அவள் நகத்துக்குச் சாயம் பூசுவதும் இல்லை.

மச்சான் நகத்தைப் பார்க்கவில்லை. உறையின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்புக்குள்ளே சிவப்பு நூலில் இரட்டை முடிச்சு. எந்த வேலையை முடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவர் போடும் முடிச்சு அது. இந்த வட்டாரத்தில் வேறு யாரும் போடுவதில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு வருஷம் இருக்கும் மாப்ள. ஒரு ஆள் ஒரு பையில லாக்கை மட்டும் கொண்டுவந்தான். சதுரக் கல் மோதிரம். நான் தைக்கிற வரைக்கும் மேஜையில அதால டொக்கு டொக்குன்னு தட்டிட்டே இருந்தான். பொண்டாட்டி ஓடுற வண்டியில பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கப் பார்க்கிறா, கழட்ட முடியாத மாதிரி பண்ணிக் குடுங்கன்னான். நான் சிரிச்சேன்டா. சிரிச்சுட்டு நல்லா இறுக்கித் தைச்சுக் குடுத்தேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் அந்த நகத்தை உள்ளங்கையில் வைத்தபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நகம் பேர்ந்தாலும் இது பேராதுங்கன்னு அவன்கிட்ட நான்தான்டி சொன்னேன்."