சந்தனம் வைத்த கேமரா

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் எனக்கு வேலை. வீடு ராஜபாளையம். தினமும் என் காரில் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் தேரடிப் பக்கம், தவறான திசையில், ஒரு கையில் போனோடு பைக்கில் வந்த ஒருவன் என் பம்பரில் தானாக வந்து விழுந்தான். அவனுக்குச் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அவன் எழுந்திருக்கும் முன்பே கூட்டம் கூடிவிட்டது. கையில் இருந்த டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளைட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தேன்."

தகவல் தெரிந்து ஓடி வந்த என் கணவர் என்னிடம் என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் போய் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கே கார் சாவி அவர் சட்டைப் பைக்குள் குடியேறியது.

"கொஞ்ச நாளைக்கு பஸ்ல போயேன். பயம் தெளியட்டும்" என்றார்.

யாருக்குப் பயம் என்று கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் சம்பளத்தில் வாங்கிய கார் வாசலில் வெயில் காய, நான் பேருந்தில் யாருடைய குடைக்கம்பியோ விலாவில் குத்த நின்றுகொண்டே போனேன். சாவியை எப்படியும் திரும்ப வாங்குவது என்று அந்தக் கூட்டத்தில் நசுங்கியபடிதான் முடிவு செய்தேன். என் வாய்ச்சொல் எடுபடாத இடத்தில் எனக்காகப் பேச ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிக்குச் சொந்தபந்தம் எதுவும் இருக்கக் கூடாது.

காரின் முன் கண்ணாடியில் மாட்டி ரோட்டைப் படம் பிடிக்கும் டேஷ் கேம் பற்றி இரண்டு வாரம் படித்தேன். வாங்கியவர்களில் பாதிப் பேர் 'சூப்பர்' என்று எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் 'ஏமாந்துவிடாதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு கட்சியும் ஒரே கேமராவைப் பற்றித்தான் எழுதியிருந்தன. கடைசியில் ராஜபாளையத்தில் கார் சாமான் விற்கும் பாய் கடைக்கே போனோம். நான் கேள்வி கேட்டேன். பாய் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு, "பாய், வாங்குறது நானு" என்றேன். அதன் பிறகு என் பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகு நல்ல மனிதராகவே இருந்தார்.

"திரை இல்லாத மாடலே எடுத்துக்கங்கக்கா. திரை இருந்துச்சுன்னா ஓட்டுறவுக ரோட்ட விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டு வருவாக. எல்லாத்தையும் பொறவு போன்ல பாத்துக்கிடலாம்."

"சத்தமும் பதியுமா?" என்று கேட்டார் என் கணவர்.

"பதியும்ணே. வேண்டாம்னா நிப்பாட்டிரலாம்."

"இருக்கட்டும்" என்று நான் சொன்னேன்.

மாட்டுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எங்கள் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார், பெருமாள், ஐயப்பன் மூவரும் வரிசையாக இருந்தார்கள். நடுவில் எலுமிச்சை மிளகாய் வேறு தொங்கியது. பாய் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் செத்த அந்தப் பக்கம் நகத்தி வையுங்கக்கா, ரோடே தெரியல" என்றார். இத்தனை நாள் நான் ஓட்டியதே அதிசயம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒயரைக் கூரை ஓரமாகச் செருகி, ஃப்யூஸில் இணைத்து, நூல் அளவுகூட வெளியே தெரியாமல் முடித்துக் கொடுத்தார். கார் கிளம்பினால் கேமராவும் தானாக ஓடும்.

ஆனால் எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினால்கூடப் பூஜை போடாமல் சட்னி அரைக்க முடியாது. கேமராவை என் கணவர் விடுவாரா? சனிக்கிழமை காலை, மலைப் பெருமாளைப் பார்க்க, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைக்குக் காரை ஓட்டிப் போனார். நான் பக்கத்து சீட்டில் பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தரிசனம் முடிந்து துளசி மாலை வாங்கிக்கொண்டு நான் திரும்புவதற்குள், பிரசாதச் சந்தனத்தாலும் குங்குமத்தாலும் பானெட், ஸ்டியரிங், நான்கு சக்கரம் எல்லாவற்றுக்கும் அவரே பொட்டு வைத்து முடித்திருந்தார். கேமராவின் முதுகைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பரவாயில்லை, இதிலாவது அறிவு இருந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சினேன்.

திரும்பும் வழியில் முன்னால் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. வேகத்தடையைப் பார்த்து அது வேகத்தைக் குறைத்தது. இவர் குறைக்கவில்லை. போய்ச் சொருகினார்.

யாருக்கும் அடி இல்லை. பம்பர் மட்டும் ஒரு பக்கமாகத் தொங்கியது. அவர் உடனே இறங்கி முன்னால் ஓடினார். என் பக்கக் கதவைத் திறந்தால் கருவேல முள். அதனால் கியரைத் தாண்டி, அவருடைய சீட் வழியாக, அவர் திறந்து விட்டுப் போயிருந்த கதவில் இறங்கினேன். அந்த நொடியில் கூட்டம் வந்து சேர்ந்தது. பால் வண்டிக்காரரும் அப்போதுதான் இறங்கி வந்தார். ஓட்டுநர் கதவிலிருந்து ஒரு பெண் சேலையை இழுத்துக்கொண்டு இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்தக்காவா ஓட்டுனாக?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதானே பாத்தேன்" என்றார் ஒருவர்.

வீடு வந்ததும், "நாந்தான் ஓட்டுனேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"விடேன். உனக்குத்தான் ஏற்கெனவே பேரு கெட்டுக் கெடக்கே. எனக்கும் சேத்து எதுக்குக் கெடணும்?" என்றார். கணக்கு சரிதான் என்கிற முகத்தோடு சொன்னார். அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணனும் அண்ணியும் விசாரிக்க வந்தார்கள். யாரோ பார்த்தவர் அவர்களுக்குப் போன் போட்டிருந்தார். என் ஜாதகத்தில் வாகன ஸ்தானம் கெட்டிருக்கிறது என்றார் அண்ணன். எனக்குக் கண் பரிசோதனை அவசியம் என்றார் அண்ணி. "காரை வித்துப்போடுலே, வீட்டுக்கு நல்லது" என்று அண்ணன் தம்பிக்குப் புத்தி சொன்னார். தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய், பூட்டாமல் கிடந்த காரிலிருந்து கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி வந்து, கார்டு ரீடரில் போட்டு டிவியில் சொருகி, அந்த நேரத்துப் பதிவை ஓட விட்டேன்.

திரை முழுக்க மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். ரோடும் இல்லை, பால் வண்டியும் இல்லை.

"என்னங்க இது?"

"முதுகுல பொட்டு வைக்கக் கூடாதுல்ல" என்றார் என் கணவர், முனகலாக. "அதான் திருப்பி, மூஞ்சிக்கு வச்சேன். பொறவு பழையபடி திருப்பி விட்டுட்டேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு வீட்டில் நடந்திருந்தால். டிவியை அணைக்கப் போனேன். அதற்குள் மஞ்சளுக்குள்ளிருந்து என் குரல் வந்தது.

"ஏங்க, பால் வண்டி. மெதுவாப் போங்க. ஏங்க, பிரேக்."

"எனக்கு ஓட்டத் தெரியும். நீ வாய மூடிட்டு வா."

டமார். கதவு திறக்கும் சத்தம். காலடிகள். பிறகு தெளிவாக, "அந்தக்காவா ஓட்டுனாக?"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ரோட்டில் நின்றபோது அந்த மௌனம் எனக்கு ஒரு நொடியாகத்தான் தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது அவ்வளவு நீளமாக இருந்தது. அதற்குள் அவர் மூன்று முறை உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"நாந்தாண்ணே ஓட்டுனேன்" என்றார் என் கணவர், தரையைப் பார்த்து.

சந்தோஷப்படுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். படவில்லை. என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு இதைச் சொல்ல ஒரு டிவி தேவைப்பட்டதே என்றுதான் இருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். ஜாதகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கண் பரிசோதனையும் காணாமல் போனது.

"பிரேக்கு சரியில்ல போலலே" என்றார். "நீ புடிச்சிருப்ப, அது புடிச்சிருக்காது."

"ஆமாங்க, பிரேக்காத்தான் இருக்கும்" என்றார் அண்ணி.

என் கணவர் தலையை நிமிர்த்தி, ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"அப்பச் சரி" என்று அவர் முன்னால் போய்ச் சாவிக்காகக் கையை நீட்டினேன். "பிரேக் புடிக்காத வண்டி உங்களுக்கு எதுக்கு? அத நானே ஓட்டிக்கிடுதேன்."