வலது நாலு, இடது ஏழு

என் தங்கை விஜயகுமாரிக்கு வலது கால் செருப்பு நாலாம் நம்பர், இடது கால் செருப்பு ஏழாம் நம்பர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 2016 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு சோடிச் செருப்புக்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டை யாருக்கும் புரியாது.

அது பிறவிக் குறை இல்லை. எங்கள் பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அரசாங்கம் அவர்களை நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, மின்சாரத் துறை ஸ்டோரில் வேலை கிடைத்து தெற்கு அந்தமானின் பெரார்கஞ்சுக்கு வந்துவிட்டேன். அவள் கச்சாலிலேயே அங்கன்வாடியில் வேலையில் இருந்தாள். சுனாமி அன்று தண்ணீரில் வந்த கூரைத் தகரம் ஒன்று அவள் வலது பாதத்தின் முன்பகுதியை விரல்களோடு வெட்டிக்கொண்டு போனது. அந்தக் காலோடு இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவள் மேட்டில் ஏறினாள். அவள் பெற்ற பிள்ளைகள் அல்ல, அங்கன்வாடிக்கு வருகிற பிள்ளைகள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு வேலைகூட இல்லை. இதை நான் யாரிடமாவது சொல்லத் தொடங்கினால், "அண்ணே, போதும்" என்று உள்ளே போய்விடுவாள். நானும் விடாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காயம் ஆறியதும் அவளை என்னோடு அழைத்து வந்தேன். பெரார்கஞ்ச் பக்கமே அங்கன்வாடியில் இடமும் கிடைத்தது. குழந்தைகளை எடை போடுவது, கர்ப்பிணிகளைப் பார்ப்பது எல்லாம் நடந்துதான். வயல் வரப்பு, பாக்குத் தோப்பு, வருடத்தில் ஏழு எட்டு மாதம் மழை. செருப்பின் முன்பக்கத்தில் பஞ்சு அடைத்து நடந்து பார்த்தாள். பஞ்சு ஊறியதும் கால் வழுக்கும். 2005-இல் மட்டும் இரண்டு முறை சேற்றில் விழுந்தாள். இரண்டாவது முறை கை மணிக்கட்டு பிசகியது. சரியான செருப்பு இல்லையென்றால் வேலையை விடவேண்டும். அவள் நிலை அதுதான்.

2006 பிப்ரவரியில் பஜாரில் இருக்கும் முத்துவீரன் கடைக்குப் போனோம். முத்துவீரன் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கடை எட்டு அடி அகலம்.

"நாலுல ஒரு சோடி, ஏழுல ஒரு சோடி குடுங்கண்ணே. வேணாததத் தூக்கிப் போட்டுர்றேன்" என்றாள் தங்கை.

"எதுக்குத் தாயி தூக்கிப் போடணும்? ஒங்களுக்கு வேணுங்கிற ரெண்ட எடுத்துக்கிட்டு ஒரு சோடிக்குக் காசு குடுங்க. மிச்ச ரெண்டுக்கும் ஆள் இருக்கு. ஜிர்க்காடாங்குல ஒரு அம்மா. ஒங்களுக்கு நேர் எதிர். அவுகளுக்கு இடது நாலு, வலது ஏழு."

தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து புதுச் செருப்பு வாங்கும்போதெல்லாம், "எஞ் செருப்போட சோடி ஜிர்க்காடாங்குல நடக்குதுண்ணே" என்று சிரிப்பாள்.

நல்ல மனிதர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடையில் கறுப்பு அல்லது பழுப்பு, வேறு நிறம் கிடையாது. எதைக் கேட்டாலும் "ஜஹாஜ் வரட்டும்ணே" என்பார். கப்பல் தள்ளிப்போனால் செருப்பும் தள்ளிப்போகும். 2013-இல் ஐந்து வாரம் கம்பி போட்டுத் தைத்த செருப்போடு நடந்தாள். வேறு கடையில் கேள் என்றால் கேட்கமாட்டாள். குடை, குக்கர் வாஷர், ரவிக்கைத் துணி எல்லாம் இந்த பஜாரில்தான். போர்ட் பிளேரில் இருக்கும் என் மகன் சுதாகர் என் போனில் ஆன்லைன் கடையை ஏற்றிக் கொடுத்தபோது, அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

2016 ஏப்ரலில் அவள் செருப்பின் பின்வார் அறுந்தது. முத்துவீரனிடம் அந்த மாதிரியில் ஏழாம் நம்பர் இல்லை. கப்பல் வரட்டும் என்றார். அவள் மறுபடியும் கம்பி கட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை நானே ஆன்லைனில் இரண்டு சோடி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எதையும் அளந்து செய்வது என் வழக்கம். அவளுக்குத் தெரியாமல் முத்துவீரன் கடைக்கே போனேன். பெட்டி பெட்டியாக எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு நாலாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் உள்நீளம் ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தேன். எங்கள் இன்டர்நெட்டில் ஒரு படம் முழுதாக வருவதற்குள் அரிசி வெந்துவிடும். மூன்று விற்பனையாளர்கள் எங்கள் பின்கோடுக்கு டெலிவரி இல்லை என்றார்கள். நாலாமவர் ஒத்துக்கொண்டார். அவர் நீளம் எதுவும் போடவில்லை, நம்பர் மட்டும்தான்; நாலும் ஏழும் கேட்டேன்.

இருபத்தாறாம் நாள் பார்சல் வந்தது. நாலு, ஏழு என்று சரியாகத்தான் அச்சிட்டிருந்தது. ஆனால் இரண்டுமே அவள் காலுக்குச் சின்னது. அவர்கள் நம்பர் வேறு நாட்டுக் கணக்காம். திருப்பி அனுப்பலாம் என்றால், உங்கள் பகுதியிலிருந்து பொருளைத் திரும்ப எடுக்கும் வசதி இல்லை என்று வந்தது. மேஜை மேல் நாலு செருப்பு. அவள் காலுக்கு ஒன்றுமில்லை.

"அளவு எங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"முத்துவீரன் கடையில."

அந்த நாலு செருப்பையும் ஓரமாகத் தள்ளினாள். பிறகு ஆரம்பித்தாள். "அவரு கடையில குந்தி, அவரு வாங்கிக் குடுத்த டீயக் குடிச்சு, அவரு டப்பாவெல்லாம் தொறந்து அளந்துட்டு..."

"பதினோரு டப்பா" என்றேன். எண்ணிக்கையைச் சரியாகச் சொல்வது என் பழக்கம். அன்று அது உதவவில்லை.

"நாளைக்கி வாங்க. நீங்களே அவருகிட்ட சொல்றீங்க."

மறுநாள் கம்பி கட்டிய செருப்போடு அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். கடையில் ஒரு பெங்காலிப் பெண் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொருந்தியதும் நம்பரைப் போனில் படம் பிடித்தாள். "அச்சா பையா, பாத் மே ஆத்தீ ஹூம்" என்று கிளம்பிவிட்டாள். அப்புறம் வருகிறாளாம். நான் தரையைப் பார்த்தேன்.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். முத்துவீரன் கையை ஆட்டினார். "அட விடுங்க லிங்கண்ணே. நீங்க அளந்தப்பவே தெரியும். ஸ்கேலோட செருப்பு வாங்க யாரு வருவா? எல்லாரும் செய்றதுதான். இந்த மழையோட சப்பல் யாவாரம் பந்த், நிறுத்திர்றேன். இனி மொபைல் கவரும் ரீசார்ஜும்தான்."

தங்கை ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்ப எனக்கு?"

"ஒங்களுக்கு இருக்கிற நாலையும் ஏழையும் எடுத்துத் தந்துர்றேன் தாயி. கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்று ஸ்டூலில் ஏறினார். மேல் தட்டில் கையை விட்டதும் ஒரு சாக்கு மூட்டை சரிந்து விழுந்து வாய் திறந்தது. எல்லாம் செருப்பு. ஒரு பக்கச் செருப்பு. பத்து வருடமாக அவள் போட்ட ஒவ்வொரு மாதிரியும் அதில் இருந்தது. நான் எண்ணினேன். இடது நாலு பத்தொன்பது, வலது ஏழு பத்தொன்பது.

"ஜிர்க்காடாங் அம்மா வாங்கலயா?" என்று கேட்டேன்.

"அவுக... மெயின்லேண்டு போயிட்டாக."

"எப்ப?"

"இப்பத்தான். போன மாசம்."

"2006-ல வாங்குன மாதிரியும் இதுல கிடக்குதே!"

முத்துவீரன் ஸ்டூலை விட்டு இறங்கவே இல்லை. தங்கைதான் செருப்புகளைச் சாக்கில் திரும்பப் போட்டாள். "அவர விடுங்கண்ணே. அப்பிடி ஒரு அம்மா இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். மாசாமாசம் மீட்டிங்ல ஜிர்க்காடாங் அங்கன்வாடி டீச்சர் எம் பக்கத்துலதான் குந்துவா. மொத மாசமே கேட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா பத்து வருசம் அந்த ஜோக்கையே சொல்லிக்கிட்டு இருந்த?"

"அவரு சொல்லாம வச்சத நான் எதுக்குச் சொல்லணும்? வேற கடைக்குப் போகாம இருந்தேன்ல, அது போதும்."

கப்பலுக்கும் கம்பிக்கும் நான் எரிந்து விழுந்த வருடங்களெல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின. அதை அன்றே சொல்லியிருந்தால் என்ன? கேட்டால் சிரிக்கிறாள்.

பிறகு முத்துவீரனிடம் திரும்பினாள். "சப்பல் ஏன்ணே ஓட மாட்டேங்குது?"

"போகாத நம்பர் தங்கிப் போகுது, வேணுங்கிற நம்பர் இருக்க மாட்டேங்குது தாயி. போர்ட் பிளேர்ல மொத்தமாத்தான் எடுக்கணும். எந்த வீட்டுல எந்த நம்பர் வேணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க அண்ணன் அளப்பாரு" என்றாள்.

"நானா?"

"சும்மாதானே இருக்கீங்க. ஸ்கேலும் வச்சிருக்கீங்க."

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அறுபத்தொரு வயதில், ஜூன் மாத மழையில், கக்கத்தில் நோட்டோடு அவள் பின்னால் வீடு வீடாகப் போனேன். குழந்தைகள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டன. ஒரு ராஞ்சிக்காரக் கிழவர், "கால் கணக்கும் சர்க்கார் எடுக்குதா?" என்று கேட்டார். அறுபத்து நாலு வீட்டில் முப்பத்தெட்டு வீடு அளக்க விட்டது. மற்றவர்கள் போனிலேயே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவர்களிடம் என் மேஜை மேல் கிடக்கும் நாலு செருப்பைப் பற்றி விவரமாகச் சொன்னேன். மூன்று வீடு மனம் மாறியது.

ஜூலை கப்பலில் நோட்டில் இருந்த நம்பர்கள் மட்டும் வந்தன. பாதிக்கு மேல் அந்த வாரமே போயின. வாசலில் மொபைல் கவர்களும் தொங்குகின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். சப்பல் அடுத்த மழை வரைக்கும் இருக்கும், அப்புறம் பார்ப்போம் என்கிறார் முத்துவீரன்.

நோட்டில் முதல் பெயர் தங்கையுடையது: வலது 4, இடது 7. அதற்குக் கீழேயே இன்னொரு வரி எழுதச் சொன்னாள்: ஜிர்க்காடாங் அம்மா, இடது 4, வலது 7. இரண்டு சோடிக்கும் அவளே பணம் நீட்டினாள். முத்துவீரன் வேண்டாம் என்று பின்வாங்கினார்.

"ஒங்க கஸ்டமர்தானேண்ணே. அவுகளுக்கு நாங் குடுக்கிறேன்" என்றாள். பத்து வருடமாகச் சொன்ன பொய்யை அவரால் மறுக்க முடியவில்லை, வாங்கிக்கொண்டார்.

அந்தச் சோடி இப்போது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கடையிலிருந்து அவள் கேட்டு வாங்கி வந்து வைத்த சாக்கு மூட்டையும் அங்கேதான். காலை நீட்டி எழுந்தால் இடிக்கிறது. அந்த அம்மா எப்போது வந்து எடுத்துக்கொண்டு போவாள் என்று நேற்றும் கேட்டேன்.

"ஜஹாஜ் வரட்டும்ணே" என்றாள்.